முதலில் டைல்ஸ்

டைல்ஸ் ஒட்டி முடித்த குளியலறையின் நடுவில் நின்றுகொண்டு பிளம்பர் கேட்டார்: "சார், இனி குழாயை எங்க பதிக்கிறது?"

பொறியாளரின் முகம் தொங்கிப்போனது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் அட்டவணையை நம்பிப் பாலங்களே எழும்பியிருக்கின்றன. சொந்த வீட்டில் மட்டும், டைல்ஸ்காரர் கைக்குக் கிடைத்தாரே என்று அவரை முதலில் அழைத்துவிட்டார்.

அப்பா இடுப்பெலும்பு முறிந்து பராமரிப்பு இல்லத்தில் கிடந்தார். சக்கர நாற்காலி நுழைகிற குளியலறை இருந்தால்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவர முடியும்.

"உடைங்க," என்றார் பொறியாளர்.

உடைத்தார்கள். போன நேரத்தைப் பிடிக்க, அப்போதே பெயின்டரையும் வரவழைத்தார். டைல்ஸ் தூசியெல்லாம் ஈரப் பெயின்டில் போய் அப்பிக்கொண்டது.

"ஆபீஸ்லயும் இப்படித்தானா?" என்றாள் மனைவி.

"ரெண்டு வேலையும் ஒண்ணா நடந்தா நேரம் மிச்சம்."

"மிச்சமானதை எங்க வச்சிருக்கீங்க?"

அகலக் கதவு வந்து இறங்கியது. அதற்குச் சுவரை வெட்டச் சொல்ல மறந்திருந்தார். அவசரமாக வெட்டிய கொத்தனார், உள்ளே ஓடிய மின்கம்பியையும் சேர்த்து வெட்டினார். வீடே இருண்டது.

தினமும் மாலை பொறியாளர் இல்லத்துக்குப் போய் அப்பாவின் கட்டிலருகே தலைகுனிந்து உட்காருவார்.

"இன்னும் கொஞ்சம் இழுக்கும்போல இருக்குப்பா."

அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். "அவசரமே இல்லடா. நிதானமா செய்."

அந்தப் பொறுமைதான் மகனை அறுத்தது. பெற்றவரைப் படுக்கையிலேயே கிடத்திவிட்டோமே என்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவழியாக வேலை முடிந்தது. சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்தார். எங்கும் இடிக்காமல் உள்ளே போனது. கண் கலங்கிவிட்டது.

நாற்காலியோடு இல்லத்துக்கு ஓடினார். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட மடித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் வந்த நர்ஸை மறித்தார். "சிஸ்டர்... அப்பா?"

நர்ஸ் அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்ரூம் முடிஞ்சிடுச்சா சார்?"

"முடிஞ்சது. அப்பா எங்க?"

"மாடிப்படி ஏறி இறங்கிட்டிருக்கார் சார், அவர் நடக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு, பாத்ரூம் முடியறதுக்குள்ள தெரிஞ்சா பையன் மனசு ஒடிஞ்சிடுவான்னு எங்க எல்லார் வாயையும் கட்டிப்போட்டிருந்தார்!"