யாரும் இறங்காத தொட்டி

1999 பிப்ரவரி: பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக் குளியலறையில் என் மனைவி வசந்தா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. ஜூன்: குளியலறையை மாற்றும் வேலை தொடங்கியது. அக்டோபர்: வேலை முடிந்தது. 2004 ஜனவரி: வசந்தா இதய நோயால் காலமானாள். இந்த ஆண்டு, மழை தொடங்கிய வாரம்: குளியலறையைக் கட்டியவர் காலமானார்.

இவை நிகழ்வுகள். இவற்றுக்கிடையே நடந்தது என்ன என்பது எனக்கு இன்றுவரை முழுமையாக விளங்கவில்லை.

கட்டியவரை எல்லோரும் 'அரண்மனை' என்றே அழைத்தார்கள். புத்தம்புதுப் பொருளைக் கண்டால் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு நிற்கும் மனிதர் பெங்களூரிலேயே அவர் ஒருவர்தான். இளமையில் ஏதோ ஓர் அரண்மனையில் நாற்காலிக் கால் ஒன்றைப் பழுதுபார்த்தாராம். அந்த ஒற்றைக் காலின் பலத்தில் மிச்ச வாழ்நாள் முழுவதும் நின்றார். எதைக் கேட்டாலும் "அரண்மனைல இப்பிடித்தான் சார்" என்பார். அதற்குமேல் முறையீடு கிடையாது.

அவரை வரவழைத்தவள் வசந்தா. அறுவைக்குப் பிறகு, அவள் குளிக்கும்போது நான் உள்ளே நிற்க வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள், சுவரைப் பார்த்தபடி குளிப்பாள். நான் சன்னலைப் பார்த்தபடி நிற்பேன். கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். சுவரெங்கும் எஃகுக் கைப்பிடிகள் வைத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

"ஆஸ்பத்திரில குளிக்கிறதுக்கு எனக்கு வீடு எதுக்கு?" என்றாள் வசந்தா. பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றை நீட்டினாள். சிங்கக் கால்களில் தனித்து நிற்கும் வெள்ளைத் தொட்டி, செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்கு அலமாரி, ரசம் மங்கிய நிலைக்கண்ணாடி. "இது மாதிரி வேணும்."

"இவ்வளவு உயர விளிம்பை எப்படித் தாண்டுவே?"

"அதெல்லாம் அரண்மனை பாத்துப்பார்."

பீன்யாவில் இருந்த அவருடைய பட்டறைக்குப் போனேன். அன்றுதான் செய்து முடித்த அலமாரியை அவர் சைக்கிள் செயினால் விளாசிக்கொண்டிருந்தார். பக்கத்து வாளியில், பூசுவதற்குத் தேயிலைச் சாயம்.

"பன்னி சார்" என்றார்; கன்னடத்தில் 'வாங்க'. "நீங்களும் ரெண்டு போடுங்க."

"எதற்கு?"

"இப்போ இதுக்கு வயசு நாப்பது. அம்மா நூறு கேட்டிருக்காங்க."

நான் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவன். மரத்தின் வயதைக் கணிக்கத் தெரியும். சங்கிலியால் அதைக் கூட்ட முடியும் என்பது புதுச் செய்தி. இரண்டு அடி போட்டேன். தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "உங்களுக்கு அஞ்சு வருஷம் தரலாம்" என்றார்.

தொட்டி வந்தது. வாசல் வழியே நுழைந்த தொட்டி குளியலறைக் கதவில் நுழையவில்லை. சுவரை இடிக்கும்வரை அது கூடத்தில் நின்றது. நீளம் போதுமா என்று பார்க்க அரண்மனை செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் படுத்தார். மார்பின்மேல் கைகளைக் கோத்து, கண்ணை மூடினார். அந்நேரம் உள்ளே வந்த பக்கத்து வீட்டு அம்மாள் பதறிப்போய்ச் சிலுவைக் குறியிட்டார்.

அரண்மனை கண்ணைத் திறக்காமலே, "நமஸ்காரம்மா" என்றார்.

அந்த அம்மாள் அதன்பின் வாசலிலேயே நின்று பேசப் பழகிக்கொண்டார்.

என் குழப்பம் முற்றியது அதற்குப் பிறகுதான். தரைக்குப் பளிங்கு கேட்டேன். சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் போட்டார். கதவருகே அலமாரி, அடுத்து உயர முதுகு நாற்காலி, அடுத்து துண்டு போடும் சட்டம், தொட்டியருகே கனத்த முக்காலி. நடக்க வழி வேண்டாமா? போதாததற்கு அத்தனையையும் இரும்புப் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினார்.

"நாற்காலியை யாருய்யா திருடப் போறா?"

"அரண்மனைல இப்பிடித்தான் சார்."

வசந்தாவும் அவரும் உள்ளே மணிக்கணக்கில் நின்றார்கள். "எட்டுதா?" "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்." அலமாரித் தட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முதல் குளியலன்று வசந்தா கைத்தடியை வெளியே வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டாள். நானும் அரண்மனையும் நடையில் நின்றோம். தொட்டியில் ஊறிக் குளிப்பவரின் அமைதிக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்டது வேறு சத்தம். சளார். மறுபடி, சளார்.

அவர் முகம் வெளுத்தது. "சார்... அம்மா மொண்டு ஊத்திக்கிறாங்க!"

"வேற என்ன செய்வாங்க?" என்றது கதவு. "ஊறின தண்ணியிலயே குளிக்கிறதா? கருமம்! முக்காலில உக்காந்தா தண்ணி கைக்கு எட்டுற உயரத்துல இருக்கு. குனியவே வேண்டாம்."

"அய்யோ கடவுளே, அந்தச் சிங்கக் காலுக்கு நான் எத்தனை ஊர் அலைஞ்சேன்!"

பிறகு சத்தம் நின்றது. முக்காலி, சட்டம், நாற்காலி, அலமாரி: ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு அவள் நடந்து வருவதை ஒவ்வொரு மரமும் மெல்ல முனகிச் சொன்னது. அந்த அறை முழுவதுமே ஒரு கைப்பிடி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாருடைய யோசனை? அவளைக் கேட்டால், "அவரோடது." அவரைக் கேட்டால், "அம்மா போட்ட கணக்கு சார்." இருவரில் ஒருவர் பொய் சொன்னார். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்றதற்கு வசந்தா சொன்னாள்: "சொல்லியிருந்தா நீங்க அதுக்குக் கைப்பிடின்னு பேர் வெச்சிருப்பீங்க."

அன்று கதவு திறப்பதற்கு முன், அரண்மனை என் காதருகே குனிந்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார்: "சார், அந்தத் தாழ்ப்பாள் மட்டும் புதுசு. அதை அடிக்க மனசு வரல."

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

குளியலறைச் சன்னலின் உடைந்த கண்ணாடியை மாற்றுவது.

அத்திபெலேயில் இருக்கும் அரண்மனையின் மகளைப் பார்த்து, அப்பாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது.

சட்டத்தில் இன்னும் தொங்கும் வசந்தாவின் துண்டை எடுத்து மடித்து வைப்பது. இதற்கு அவசரமில்லை.