இலோக் கொடிக்கு யாழ்ப்பாண வெட்டு

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் செடியை நம்பிக் கொடுக்கலாம், கத்தரிக்கோலைக் கொடுக்கக்கூடாது. எனக்கு இரண்டும் கிடைத்தன.

யாழ்ப்பாணத்தைவிட்டு நான் அகதியாக வந்து சேர்ந்த ஹம் நகரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவன் ஸ்டீப்பே. குரோவேஷியாக்காரன். டான்யூப் கரையில் இலோக் என்ற ஊர். ரோமர் காலத்திலிருந்தே அங்கே வைன் திராட்சை விளைகிறதாம். கோட்டைக்கு அடியில் பழைய நிலவறைகள். போரில் சனம் ஊரைவிட்டு ஓடும்போது நல்ல போத்தல்களை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டுப் போனதாம். நாங்கள் நகையைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடிய கதையை நான் சொன்னேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். அவனுடையதில், தகப்பனின் தோட்டத்திலிருந்து தடி வெட்டிக் கொண்டுவந்து வளர்த்த ஒரே ஒரு கொடி. அந்த வருடம்தான் முதல்முதலாக ஒரு போத்தல் வைனுக்காவது காணும் என்று நம்பியிருந்தான். அதற்குள் புற்றுநோய் படுக்கவைத்துவிட்டது.

"நீ தண்ணி மட்டும் விடு. வேற ஒண்டும் செய்யாத. என்ர கொடியில ஒரு கிளாஸ் குடிச்சிட்டுத்தான் போவன்" என்றான் ஆஸ்பத்திரியில்.

தண்ணீர் மட்டும் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த நிபுணர் சும்மா இருக்கவில்லை. மே மாதம், கொடி முழுக்க இலை. இடையிடையே கொத்தமல்லி விதைபோலப் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நோய் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் கொப்பை வெட்டி இலையை உருவிவிட்டால் சில மாதத்தில் குலை தொங்கும். (எங்கள் ஊரில் வெயிலும் இருந்தது. அது அப்போது ஞாபகம் வரவில்லை.)

"உங்களுக்கு உண்மையா இது தெரியுமோ?" என்று மனைவி கேட்டாள்.

"நான் முந்திரிகைத் தோட்டத்தில பிறந்தவனப்பா!" என்றேன். (திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். நான் அந்தப் பந்தலுக்குக் கீழே நித்திரை கொண்டதுதான் அதிகம்.) மொட்டையடித்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஸ்டீப்பேயைச் சக்கர நாற்காலியில் அவன் மனைவி மாறியா தள்ளிக்கொண்டு வந்தாள். கொடியில் புது இலை பளபளத்தது. ஒரு குலை இல்லை. நோய் என்று நான் வெட்டி எறிந்தவைதான் பூமொட்டுகள்.

"இனித்தான் காய்க்கும். எங்கட ஊரில..." என்று தொடங்கினேன்.

அவன் நெடுநேரம் கொடியைப் பார்த்தான். பிறகு இருமல் வரும்வரை சிரித்தான். "பாவம், அதுக்கு யாழ்ப்பாணக் கலண்டர் விளங்கேல்லை" என்றான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒக்டோபரில் போய்விட்டான்.

ஜனவரியில் வின்சென்ட் புனிதர் நாள் வந்தது. அன்று குரோவேஷியாக்காரர்கள் திராட்சைக் கொடியில் தொத்திறைச்சி கட்டித் தொங்கவிட்டு, பழைய வைன் ஊற்றி, நல்ல விளைச்சல் கேட்பார்கள். எங்கள் வீட்டாரும் கூடி நிற்க, மாறியா கடையில் வாங்கிய வைனைத்தான் ஊற்றினாள். முதல் கொப்பை வீட்டு ஆண் வெட்ட வேண்டுமாம். சுற்றிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"வெட்டுங்கோ. ஆனா நான் காட்டுற இடத்தில மட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவள் காட்டிய இடமே கண்ணீரில் தெரியவில்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் பொலித்தீன் பையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாலும், "மாறியா அன்ரிக்கு ஃபோன் பண்ணட்டோ அப்பா?" என்பாள் மகள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். இப்போது அந்தக் கொடி வருடாவருடம் காய்க்கிறது. மாறியா வைன் போடுகிறாள். முதல் கிளாஸை எனக்குத்தான் தருகிறாள். அது அவன் குடித்திருக்க வேண்டிய கிளாஸ்.