கழிவு அன்ரியும் பள்ளிக்கூடத்து இன்ரநெற்றும்

சாமானில் ஒட்டியிருக்கும் விலையைத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட நம்பாத மனிதர் இந்த ரொறொன்ரோவில் ஒருவர்தான் இருந்தார். வோபர்னில் எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில், முன் மேசை வேலையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் கிடந்தது. எல்லோருக்கும் அவர் கழிவு அன்ரி. எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் கழிவு என்றால் விலையில் குறைப்பது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அன்ரியின் முதல் கேள்வி அதுதான். சாமானைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

ஒருமுறை பல் சுத்தம் செய்யப் போயிருக்கிறார். கட்டணத்தைச் சொன்னதும், "டொக்ரர், இது முழு வாய்க்குரிய காசெல்லோ. எனக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்டுமே இல்லை. இருக்கிற பல்லுக்கு மட்டும் போடுங்கோ" என்றாராம். வைத்தியர் சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வைத்தியரும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறைத்துக்கொடுத்தார்.

பனிக்காலத்தில் ஒருநாள் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கி நடக்க, அன்ரி மட்டும் சாரதியிடம் போய், பாதித் தூரத்துக்குப் பாதிக் காசுதான் நியாயம் என்று வாதாடினார். காசைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத அந்த மனிதர் தன்னுடைய சாப்பாட்டுப் பையிலிருந்த தோடம்பழத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

உறவினர் ஒருவரின் ஈமச்சடங்குக்கு மண்டபம் பேசப் போன இடத்திலும் இதே கதைதான். "எங்கட பக்கத்தில வயது போன ஆக்கள் இன்னும் இருக்கினம். நாங்கள் வேற இடத்துக்குப் போகமாட்டம். அதையும் யோசிச்சு ஒரு விலை சொல்லுங்கோ." அந்த வயது போன ஆட்களில் இரண்டு பேர் அவருக்குப் பக்கத்துக் கதிரைகளில்தான் இருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. ஊர் விட்டு ஊர் அலைந்ததில் படிப்புக் குழம்பிப்போன பிள்ளைகள் உயர்வகுப்புப் பாடங்களை முடிப்பதற்காக எங்கள் ஆட்கள் நன்கொடையில் நடத்துவது. நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். கீழே புடவைக்கடை, பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை. மேலே உலகத்தின் மிக மெதுவான இன்ரநெற். நான் ஒரு கணக்கை எழுதி, விளங்கப்படுத்தி, பலகையை அழித்த பிறகுதான் அந்தப் பாடத்தின் முதற்பக்கம் திரைக்கு வந்து சேரும். ஒரு வகுப்பில் யாராவது வீடியோவைத் திறந்தால் அடுத்த வகுப்பில் எல்லாமே உறைந்துவிடும்.

வீட்டில் செய்துகொண்டு வரும் ஒப்படைகளை இன்ரநெற்றில்தான் அனுப்பவேண்டும். அதனால் பிள்ளைகள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கோப்பிக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். ஒரு கோப்பியை வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் படிப்பார்கள். கடை மனேஜர் சில நாட்கள் பொறுத்தார். பிறகு ஒருநாள், ஆளுக்கு ஒன்று வாங்கினால்தான் உள்ளே இருக்கலாம் என்றுவிட்டார்.

அன்று மத்தியானம் அன்ரி தற்செயலாக யன்னலால் எட்டிப் பார்த்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைச் சுவரோடு ஒட்டி நின்று, மடிக்கணினியைக் குப்பைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு, அபிராமி என்ற பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர் தங்கள் முறைக்காக நின்றார்கள்.

அன்ரி மேற்சட்டைகூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

"என்ன பிள்ளை இது?"

"இட்ஸ் ஓகே அன்ரி. வெளியில நிண்டாலும் வைஃபை எடுக்குது. எங்கட ஸ்கூலை விட ஃபாஸ்ற்."

அன்ரி தன் போனில் ஒரு படம் எடுத்தார். பிறகு எல்லோரையும் மேலே கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் எதற்கும் கழிவு கேட்கவில்லை. அது எங்களுக்கு மிகவும் பயமாக இருந்தது.

அந்தக் கிழமை நிர்வாகசபை கூடியது. நல்ல இணைப்பு எடுக்க எங்களிடம் வசதியில்லை, அடுத்த வருஷம்வரை இணையத்தில் நடக்கும் பாடங்களை நிறுத்திவைப்போம் என்றார் தலைவர். அப்படி நிறுத்தினால் அபிராமியைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போய்விடும். ஏற்கெனவே வருஷங்களைத் தொலைத்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள்.

"ஒருத்தரும் ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம்" என்றார் அன்ரி. "முதல் நான் கதைச்சுப் பாக்கிறன்."

கதைப்பது என்றால் ரெலிபோன் கொம்பனியோடு. அங்கே விலகப் போகிறவர்களைச் சமாதானப்படுத்தி வைத்திருப்பதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அன்ரி மாதாமாதம் அவர்களிடம் விலகப் போவதாகச் சொல்லிவந்தவர். அங்கு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எத்தனையாவது பல் முளைக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். இந்த முறை எடுத்தபோது அந்தப் பக்கத்திலிருந்த பெண், பாவம், தப்புவதற்கு வேறு வழி தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடங்களின் இன்ரநெற், ரெலிபோன் செலவில் ஒரு பகுதியை அரசாங்கமே கழித்துக் கொடுக்கிறதாம். விண்ணப்பித்தால் போதும்.

போனை வைத்துவிட்டு அன்ரி எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "ரீச்சர், அரசாங்கமே கழிவு குடுக்குதாம்" என்றார்.

விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதியை நிரப்பியவர் பிரபு. கோயம்புத்தூர்க்காரர். பகலில் ஒரு வங்கியில் கணினி வேலை, கிழமையில் இரண்டு நாள் எங்களிடம் சம்பளமில்லாமல் கணினிப் பாடம். ஊரே கழிவு அன்ரி என்று கூப்பிட, அவர் மட்டும் "மேடம்" என்பார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆங்கிலம் கலந்து கதைக்கிறார் என்று அன்ரி அவரை அடிக்கடி கண்டிப்பார். "பள்ளிக்கூடத்துக்குள்ள தமிழிலை கதையுங்கோ தம்பி, பிள்ளையள் பாக்குதுகள்."

அந்தக் கண்டிப்புத்தான் வினையாகப் போனது. பதில் பிரபுவின் மின்னஞ்சலுக்கு வந்தது. அவர் வங்கியிலிருந்தே அலுவலகத்துக்குப் போன் எடுத்து, நல்ல தமிழில், "மேடம், நம்ம விண்ணப்பத்துக்குத் தள்ளுபடி வந்துருச்சுங்க" என்றார்.

அன்ரி போனை வைத்தார். மேற்சட்டையை எடுத்தார்.

"ரீச்சர், காரை எடுங்கோ. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துபோட்டாங்களாம்."

அன்றைக்கு எனக்குக் கடைசி இரண்டு பாடமும் ஓய்வு. நெடுஞ்சாலைக்கு ஏறினோம். அன்ரி தனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்தையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்பது உதடு அசைவதில் தெரிந்தது.

விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் கண்ணாடி போட்ட, அமைதியான ஒரு பெண் அதிகாரி. அன்ரி இருக்கமாட்டேன் என்று நின்றுகொண்டே தொடங்கினார். அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் என்று ஒன்று கிடையாது. அதனால் அவர் சொல்லும் எல்லாமே இப்போது, எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் போரிலிருந்து வருகிறார்கள். கடலைக் கடக்கிறார்கள். நாடு நாடாக நிற்கிறார்கள். கடைசியில் இங்கே, கனடாவில், ஒரு குப்பைத் தொட்டியின் மேல் கணக்குச் செய்கிறார்கள். படத்தை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

அதிகாரி இடையிலே நாலைந்து முறை வாய் திறந்தார். அன்ரி விடவில்லை. அவர் மூச்சு வாங்குவதற்கு நிறுத்திய ஒரு கணத்தில், அந்தப் பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர். அதற்கு நேரே, அனுமதிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் இருந்தது.

எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தார்.

"ரீச்சர், உதில இன்ரநெற் மட்டும்தானே கிடக்கு. ரெலிபோன் லைன் எங்கை எண்டு கேளுங்கோ."

கேட்டேன். எங்கள் விண்ணப்பத்தில் ரெலிபோன் விடுபட்டிருந்தது. பில் இருந்தால் சேர்க்கலாம் என்றார் அதிகாரி. அன்ரியின் கைப்பைக்குள் பில் இருந்தது. அவர் பில் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. அதிகாரி அதை வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை இன்னொருமுறை காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அன்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலையில் பிரபு ஓடிவந்தார். "மேடம், எங்க ஊர்ல தள்ளுபடின்னா விலையைக் குறைக்கிறதுங்க."

"அதைக் கழிவு எண்டு சொல்றதுக்கென்ன தம்பி?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டார். "எங்க ஊர்ல கழிவுன்னா குப்பைங்க. இத்தனை நாளா எல்லாரும் உங்கள ஏன் அப்படிக் கூப்பிடறாங்கன்னு எனக்கு ராத்திரியெல்லாம் வருத்தமா இருக்குங்க."

அன்ரி சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பனி கரைவதற்கு முன்னரே புது இணைப்பு வந்துவிட்டது. ஒரே நேரத்தில் எல்லா வகுப்புகளிலும் வீடியோ ஓடியது. அன்ரி வகுப்பு வகுப்பாகப் போய் வாசலில் நின்று பார்த்தார். பிறகு தலைமுடியை வாரி, நல்ல சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, தெருவைக் கடந்து கோப்பிக் கடை மனேஜரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"எங்கட பிள்ளையள் இனி இங்க படிக்க வரமாட்டினம் எண்டு உவருக்குச் சொல்லுங்கோ ரீச்சர். விருப்பமெண்டால் கோப்பி குடிக்க வருவினம்."

நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அபிராமி அந்த வருஷமே பாடங்களை முடித்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். அன்ரி ஓய்வு பெற்று அஜின்கோர்ட்டில் மகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். என்னுடைய சுகத்தை விசாரிக்கமாட்டார். புது வகுப்பில் யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளை எங்கேயிருந்து வந்தது, இரவில் நித்திரை கொள்கிறதா, மத்தியானம் சாப்பிடுகிறதா என்றுதான் ஒவ்வொருவராகக் கேட்பார். நான் சொல்லச் சொல்ல மறுமுனையில் "ஓம், ஓம்" என்று சத்தம் வந்துகொண்டிருக்கும். கடைசியில், "சரி வையுங்கோ ரீச்சர், வேலை கிடக்கும் உங்களுக்கு" என்பார்.

எனக்கு அப்போது ஒரு வேலையும் இருக்காது. அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.