இன்னொரு மூடி

மருந்துப் புட்டியில் அச்சடித்திருக்கும் அளவு ஊரில் இருக்கிற மற்றவர்களுக்குத்தான், தனக்கில்லை என்று நம்புகிற மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு 'இன்னொரு மூடி ஆசாமி' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நம் பண்ணைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் மாடுகளுக்குக் கோமாரி நோய் என்று காதில் விழுந்ததும், வாசலில் கால் நனைக்க ஒரு தொட்டி, வண்டிச் சக்கரத்துக்கு ஒரு தொட்டி, பால் எடுக்க வருகிறவருக்குத் தனியாக ஒரு தொட்டி என்று வரிசையாக வைத்து, மாட்டு டாக்டர் சொன்ன அளவு கிருமிநாசினியை ஊற்றி, மூடியைத் திருகப் போய், மனசு கேட்காமல் ஒவ்வொன்றிலும் இன்னொரு மூடி ஊற்றுவார். மூக்கு எரிந்தால்தான் மருந்து. கண்ணில் நீர் வந்தால் நல்ல மருந்து. கழுவினாலும் கையை விட்டுப் போகாத அந்த வாடையில் அவருக்குப் பெருமை வேறு.

சாயங்காலமானால் தொட்டிகளைக் கவிழ்க்க வேண்டும். ஓடையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டிக் கொட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். குழி வெட்டினால் முதுகு வலிக்கும். ஓடையோ கொல்லைப்புறத்திலேயே சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஓடையிலயா கொட்டுறீங்க? கீழே உங்க தங்கச்சி மீன் வளர்க்குறா," என்றாள் மனைவி.

"ஓடுற தண்ணிடி. அது பாட்டுக்குப் போயிடும்."

போகும். யார் இல்லையென்றது? அது போய்ச் சேருகிற இடத்தில்தான், புருஷனைப் பறிகொடுத்த தங்கை நகையை விற்றுக் குளம் வெட்டி, அந்த மீனை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, கொஞ்சம் வர்றியா? மீனெல்லாம் மிதக்குது."

அடித்துப் பிடித்து ஓடினார். அதில் குறை சொல்ல முடியாது, தங்கை என்றால் அவருக்கு உயிர். குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். கரையில் அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். பழகிய வாடை. முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்குமா?

"தண்ணியில ஏதோ கிருமி விழுந்திருக்கு. நம்ம வீட்டுல நல்ல மருந்து இருக்கு, கொண்டு வரேன்."

தங்கை அவர் கையையே பார்த்தாள். "உன் கையில அடிக்கிற வாடைதான் அண்ணா என் குளத்துலயும் அடிக்குது."

பண்ணைக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவரைத் திட்டுவது இருக்கட்டும். நேற்று நீங்கள் குளியலறை கழுவினீர்களே, மூடியைத் திருகப் போய் ஒரு கணம் தயங்கினீர்களா? சரி, அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? அது பாட்டுக்குப் போயிற்று என்கிறீர்களா?

வாருங்கள், எங்கே கையைக் காட்டுங்கள்.