மாடு திரும்ப இடமில்லாத வீடு

தன் வீட்டுக்குத் தானே பிளான் போட்டவனைக் கூட்டத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அவன் மனிதர்களைப் பார்க்க மாட்டான். கதவைத் திறந்து திறந்து மூடுவான், ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பான், பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து, "தண்ணி ஓடச் சரிவு பத்தாதுங்களே" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்வான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் திரிந்தேன். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்கார்ந்து, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறேன். அலுத்துவிட்டது சாமி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது கோந்த்வாவில், வாடகைக்கு. ஊருக்கு ஒரு மூலையில் வீடு, மறு மூலையில் ஆபீஸ். நடுவில் இருக்கும் புனே முழுவதையும் கம்பெனி சுமோவின் பின் சீட்டில் முட்டி மடக்கி உட்கார்ந்தே கடந்தாக வேண்டும். மற்றவர்கள் என் தோளில் சாய்ந்து தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. தூங்குகிறவர்களின் தலை முட்டாத பக்கமாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீடு வரைவேன். மர வீடு. சின்ன வீடு. (இந்த வார்த்தையை ஆபீஸ் தமிழ் நண்பர்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.)

வரைந்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். ஊருக்கு வெளியே, பௌட் என்ற கிராமம் தாண்டி, மலைச்சரிவில் இரண்டு குண்டா மனை விலைக்கு வந்தது. நம் ஊர்க் கணக்கில் ஐந்து சென்ட். வாங்கிவிட்டேன்.

என் மனைவி சுகந்தி பொள்ளாச்சிக்காரி. கோந்த்வாவிலேயே ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. தினமும் பால்கனியில் நின்று எதிரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நான் காகிதத்தை விரித்து என் கனவை விளக்கி முடித்ததும் சொன்னாள்:

"ஏனுங்க, ஒரே ஒரு ராத்திரி நான் அந்த வீட்டுல நிம்மதியாத் தூங்கி எந்திரிச்சுட்டேன்னா ஃபிளாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னு வைங்க, அப்புறம் ஆயுசுக்கும் நீங்க வீடு வரையக் கூடாது. சம்மதமுங்களா?"

"சம்மதம்" என்றேன். ஒரு ராத்திரிதானே. ரயிலில் தூங்குகிறவள், என் வீட்டில் தூங்க மாட்டாளா?

அந்த வீட்டுக்கு மாதிரியே ரயில் பெட்டிதான். எட்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. இடது சுவரோடு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. வலது சுவரோடு சமையல் மேடையும் அலமாரியும். எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து முடுக்கியாயிற்று, நகர்த்தவே முடியாது. நடுவில் ஓர் ஆள் நடக்கச் சந்து. எதிலும் ஓர் அங்குலம் வீணில்லை என்று நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. பள்ளத்தாக்குக் காட்சி தெரிய வேண்டுமென்று வாசலைச் சரிவின் கீழ்ப் பக்கம் பார்த்து வைத்தேன். அதனால் வீட்டின் முன்பாதி இடுப்பளவுத் தூண்களில் நின்றது, பின்பாதி தரையோடு ஒட்டிக் கிடந்தது. தரைப் பலகைகளுக்கு நடுவே காற்றோட்டத்துக்காக இடைவெளி விட்டேன். அப்போது அதை என் மூளையின் உச்சம் என்று நினைத்திருந்தேன்.

மரம், தொழிற்சாலைகளுக்கு மெஷின் வந்து இறங்கிய பைன் பெட்டிகளைப் பிரித்த பலகை. போஸரியில் மலிவாகக் கிடைக்கும். மெஷின் பெட்டி என்பதால் பலகைகளில் அம்புக்குறியும் கண்ணாடிக் கோப்பைப் படமும் அச்சடித்திருக்கும். அம்புகள் எங்கள் சுவரில் நாலா திசையையும் காட்டின. தச்சர் ராஜஸ்தான்காரர், எல்லோரும் மிஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். நான் என்ன கேட்டாலும், ஆகிவிடும் என்ற அர்த்தத்தில், "ஹோ ஜாயேகா சாப்" என்பார். இப்படி ஒரு மனிதரை ஆபீஸில் பார்த்திராத எனக்கு அவர் மேல் அபார மரியாதை வந்துவிட்டது.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று முடிவாயிற்று. காலையில் பூஜை, இரவு அங்கேயே படுக்கை, மறுநாள் பந்தயத்தில் நான் ஜெயித்தவன்.

அதற்கு முதல் நாள் பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். தோப்பும் தொழுவமுமாக வாழ்கிற மனிதர். வீட்டைச் சுற்றி வந்தார். கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார், மேல் படுக்கையில் தலையை இடித்துக்கொண்டார். சுவரிலிருந்த கோப்பைப் படத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"எல்லாஞ் செரிங்க மாப்ளே. மாடு எப்படீங்க உள்ளே போகும்?"

"எந்த மாடுங்க மாமா?"

"ஏனுங்க, கிரகப்பிரவேசத்துக்கு மாடு கண்ணு உள்ளே போக வேண்டாமுங்களா?"

அடக் கடவுளே! வருஷக்கணக்காகப் பிளான் போட்டவன் இதை யோசிக்கவே இல்லை. ஆனால் விடுவேனா? புரோகிராமில் கடைசி நிமிஷத்தில் எது கேட்டாலும் செய்து கொடுத்தே பழகிய ஆள். மிச்சமிருந்த பலகைகளைப் படிக்கட்டின் மேல் போட்டுச் சாய்தளம் அமைத்தேன். கதவைக் கழற்றி வைத்தால் மாடு நுழைய அகலம் சரியாக இருந்தது. மாமனாரும் டேப்பைப் பிடித்து அளந்து, "போகும், போகும்" என்றார். அத்தனை மாட்டைக் கட்டி ஆண்ட மனிதருக்கும் சரி, எனக்கும் சரி, உள்ளே போவதைத் தாண்டி எதுவும் தோன்றவில்லை.

மாடு, பக்கத்து நிலத்துக்காரர் தத்தா பாவூவுடையது. பெயர் சந்திரி. நீளக் கொம்பு, அகல வயிறு, கூடவே ஒரு கன்று. "காள்ஜி நகோ சாஹேப், கரீப் காய் ஆஹே" என்றார் தத்தா பாவூ. கவலை வேண்டாம், பரம சாது என்று அர்த்தம். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. மறுநாள் காலை சுகந்தி பொட்டு வைத்து, மாலை போட்டு, மாமனார் வாழைப்பழத்தைக் காட்டியதும் சந்திரி மணப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சாய்தளத்தில் ஏறி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். விசேஷத்துக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை.

ஏனென்றால் வர வழியில்லை. இடது பக்கம் படுக்கை, வலது பக்கம் சமையல் மேடை. நடுவில் சந்து முழுக்க சந்திரி. திரும்ப இடமில்லை. பின்னால் நடத்தலாம் என்றால், கீழே சரியும் பலகையில் ஒரு காலை வைத்தாள், பலகை 'மடக்' என்றது, காலை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் சொல்லியும் கேட்கவில்லை. கன்று கீழே நின்று கத்தியது. உள்ளிருந்து அம்மா பதில் சொன்னாள்.

"வாலைப் பிடிச்சு மெதுவா இழுங்க மாப்ளே" என்றார் மாமனார். இழுத்தேன். அவள் வாலால் என் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். தத்தா பாவூ அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்பாள் என்றார். ஆனால் முகத்துக்குப் போவது எப்படி? மாட்டின் மேலாக மேல் படுக்கைக்குத் தாவி, அங்கே குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு மராத்தியில் கொஞ்ச ஆரம்பித்தார். அவள் அவர் மீசையை நக்கினாள். மிஸ்திரியைப் பார்த்தேன். "ஹோ ஜாயேகா சாப்" என்றார்.

"நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார் பூஜைக்கு வந்த ஐயர். "முதல்ல என் தர்ப்பைக் கட்டை எடுத்துக் கொடுங்கோ, உள்ளேதான் வெச்சேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். சந்திரி தர்ப்பைக் கட்டின் கடைசி இழையை மென்றுகொண்டிருந்தாள்.

அப்போது மழை பிடித்தது. அந்த மலைப் பக்கத்து ஜூன் மழைக்குத் தூறல் கீறல் என்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஊற்றியது. பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் மலைச்சரிவில் திக்குத் தெரியாமல் ஓடின. நிற்க ஒரு மரமில்லை. அந்த மனையில் இருந்த ஒரே கூரை நான் கட்டியது, அதற்குள் மாடு. வீட்டைக் கட்டியவன் தொப்பலாக நனைந்துகொண்டு வாசலில் நின்றேன். உள்ளே சந்திரியின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அந்த நிலையிலும், 'பரவாயில்லை, கூரை ஒழுகவில்லை' என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன் பாருங்கள், என்னை என்ன செய்தால் தகும்!

கடைசியில் எல்லோரும் வீட்டுக்கு அடியில் புகுந்தோம். முன்பாதித் தூண்களுக்கு நடுவில் குந்த இடமிருந்தது, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். அங்கே ஸ்டவ்வைப் பற்றவைத்து, சுகந்தி பால் பாத்திரத்தை வைத்தாள். புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள். நாங்கள் புது வீட்டுக்கு அடியில் காய்ச்சினோம். தலைக்கு மேலே குளம்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாப்ளே, ஒழுகுதுங்க."

"இருக்காதுங்க மாமா, கூரைக்கு டபுள் ஷீட் போட்டிருக்கேன்."

"மழை இல்லீங்க மாப்ளே."

காற்றோட்டத்துக்கு நான் விட்ட இடைவெளியில் சந்திரி தன் பங்கை இறக்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி ஸ்டவ்வோடு பால் பாத்திரத்தைச் சட்டென்று எட்ட நகர்த்தி வைத்தாள். "கோமியம். இதைவிடப் புண்ணியம் இல்லை" என்றார் ஐயர். சொல்லிவிட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் சுகந்தியைப் பார்த்தேன். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்கு மாட்டுக் கவலைதான் இருந்தது.

பால் பொங்கியது. மழை விட்டதும் மிஸ்திரி பின்சுவரைப் பிரித்தார். அந்த மனிதர் பல மாதங்களில் உருப்படியாகச் செய்திருந்த ஒரே காரியம் ஆணி அடித்ததுதான் போலிருக்கிறது, ஒவ்வொரு பலகையும் கதறிக்கொண்டே வந்தது. வழி கிடைத்ததும் சந்திரி நேராக நடந்து, பின்பக்கத் தரையில் சாவகாசமாகக் கால் வைத்து, கன்றிடம் போனாள்.

மாமனார் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பின்னாடி வாசல் வெச்சிருந்தீங்கன்னா படியே வேண்டியதில்லீங்களே மாப்ளே."

சுவரில்லாத வீட்டில் அன்றிரவு யாரும் படுக்கவில்லை. திரும்பும் வழியில், வண்டி ஸ்வார்கேட் தாண்டியதும், சுகந்தி தலையைத் துவட்டியபடியே, "நாளைக்கு அந்த ஃபிளாட்டைப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஃபிளாட் வாங்கினோம். அலமாரியை எங்கே வைக்கலாம் என்று பில்டரின் ஆள் என்னைக் கேட்டபோது சுகந்தியைக் கை காட்டிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

மழைக்காலம் முடிந்து, மனையை விற்கும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் போனோம். வீட்டுக்குள் வைக்கோல் பரப்பியிருந்தது. பிரித்த சுவர் பிரித்தபடியே இருக்க, சந்திரி மலைப் பக்கம் பார்த்துப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்ப் படுக்கையில் கன்று. தத்தா பாவூ ஓடி வந்து கையைப் பிசைந்தார். பெரிய மழையில் அவருடைய கொட்டகை ஒழுகியதாம், சந்திரி கயிற்றை அறுத்துக்கொண்டு தானே இங்கே வந்துவிட்டாளாம், அடித்து விரட்டினாலும் பொழுது சாய்ந்தால் வந்துவிடுகிறாளாம். "ராகாவு நகா சாஹேப்" என்றார். கோபிக்க வேண்டாமாம். எனக்கு எங்கே கோபம்?

சுகந்தி உள்ளே போனாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள், சுவரைத் தடவினாள், எங்கும் ஈரமில்லை. கன்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க கட்டுனது நல்ல வீடுதானுங்க. குடி வர்ற ஆளத்தான் தப்பா நெனச்சுப்போட்டீங்க."

மனையை விற்கவில்லை.

இப்போது அங்கே இருப்பது சந்திரியின் பேத்தி. நான் கட்டிய வீட்டில் நான் இன்றுவரை ஒரு ராத்திரி தூங்கியதில்லை. மாமனார் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தால் மகளை விசாரிப்பதற்கு முன்னால், "குடித்தனக்காரி சௌக்கியமுங்களா மாப்ளே?" என்றுதான் கேட்கிறார். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, போனை சுகந்தியிடம் கொடுத்துவிடுகிறேன்.