முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி நாவல் எழுதியது. எப்படிப்பட்ட காடு என்று கேட்காதீர்கள். நான் வருணிக்க ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்தப் பயத்தில்தான் இந்தக் கதையையே அவசரமாகச் சொல்கிறேன்.

முள்ளம்பன்றிக்குப் பேனா தேடும் வேலை இல்லை. ஒரு முள்ளை உதிர்த்து மையில் தோய்த்தால் ஒரு அத்தியாயம் ஓடும். ஏழு வருஷம் எழுதி நானூறு பக்கத்தில் முடித்தது. அதில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்தான் அதற்கு உயிர். அது குட்டியாக இருந்தபோது ஒருநாள் நாய்கள் குழியைச் சூழ்ந்துகொண்டன. அன்று அதன் அம்மா என்ன செய்தாள் என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது. முந்தைய முந்நூற்றுப் பதினொரு பக்கமும் அந்த அம்மாவைப் படிப்பவருக்குப் பழக்கப்படுத்துவதற்காக எழுதியவை. அந்தப் பக்கத்தை ஒரே ஒருவர் படித்துவிட்டால் போதும், பிறகு எழுதவே வேண்டாம் என்று அது நினைத்தது.

மரங்கொத்தி அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டார்கள். வெளியீட்டு விழாவில் யானை முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு, "இது காட்டைப் பற்றிய நாவல் அல்ல, காடே நாவல்" என்று ஒன்றேகால் மணி நேரம் பேசியது. புத்தகத்தைச் சுற்றியிருந்த வாழைநாரை மட்டும் அவிழ்க்கவில்லை. புள்ளிமான் ஓடி வந்து, "ஒரே மூச்சில படிச்சேன் சார்" என்றது. அந்த மூச்சு எந்தப் பக்கம் வரை வந்தது என்று முள்ளம்பன்றி கேட்கவில்லை. கேட்காதவரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் தேவாங்கு வந்து சேர்ந்தது. புது வியாபாரம், பெரிய கண்கள்.

"மரத்தை வெட்டி, அந்த மரத்தைப் பத்தியே எழுதுறீங்களே சார், நியாயமா? நம்ம ஒளிப்பலகையில போடுங்க. நீங்க இங்க ஒரு வரி திருத்தினா, படிக்கிறவங்க கையில இருக்கிற பலகையிலயும் தானா மாறிடும். யார் எந்தப் பக்கத்துல நிறுத்தினாங்கன்னு மாசாமாசம் அறிக்கையும் வரும்."

"எல்லாரும் கடைசிப் பக்கத்துலதான் நிறுத்துவாங்க" என்றது முள்ளம்பன்றி.

"அதைத்தான் சார் பார்க்கப் போறோம்."

பழைய பிரதியைக் கொடுத்தால் பலகை இலவசம் என்று அறிவித்தார்கள். ஒரு பிரதி பாக்கியில்லாமல் திரும்பி வந்தது, பெரும்பாலும் நார் அவிழாமல். முள்ளம்பன்றியும் தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ஒரு பலகை வாங்கிக்கொண்டது. வந்த காகிதமெல்லாம் கறையான்களுக்குப் போனது. அந்த நாவலை அட்டை முதல் அட்டை வரை விடாமல் முடித்தவர்கள் அவர்கள்தான்.

முதல் மாத அறிக்கை வந்தது. யானை இரண்டாம் பக்கம். புள்ளிமான் ஒன்பது. மற்றவர்களும் ஒன்பதைத் தாண்டவில்லை. கரடி மட்டும் முந்நூற்றெண்பதுக்குப் போயிருந்தது. விசாரித்ததில், பலகை முதுகு சொறிய வசதியாக இருப்பதாகச் சொன்னது.

முள்ளம்பன்றி அறிக்கையை இன்னொரு தடவை புரட்டியது. "முந்நூத்திப் பன்னெண்டுக்கு யாருமே வரலையா?"

"கரடி கடந்து போயிருக்கு சார்" என்றது தேவாங்கு. "ஒன்பதாம் பக்கத்துல மழை வருது பாருங்க, அங்கதான் எல்லாரும் கலைஞ்சு போறாங்க. மழையை எடுத்துடுங்க."

மழை பன்னிரண்டு பக்கம். எடுத்தது. அடுத்த மாதம் அம்மாவின் கல்யாணத்தில் நிறுத்தினார்கள். கல்யாணம் போனது. பிறகு அம்மா குழி தோண்டிய நாற்பது பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் முள்ளம்பன்றி மனசைத் தேற்றிக்கொண்டது: வெட்ட வெட்ட அந்தப் பக்கம் வாசகருக்குக் கிட்டே வருகிறதல்லவா? முந்நூற்றுப் பன்னிரண்டு இருநூறாயிற்று, அறுபதாயிற்று. பத்தாம் மாதக் கடைசியில் அதுவே முதல் பக்கமாயிற்று.

ஒரு வழியாக எல்லோரும் அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள். முதல் வரியிலேயே அம்மா குழி வாசலில் நின்றாள்.

"யாருங்க இந்தம்மா?" என்றது யானை. பலகையைக் கீழே வைத்துவிட்டது.

பத்தாம் மாத அறிக்கையோடு வந்த தேவாங்கு தயங்கித் தயங்கிச் சொன்னது: "சார், தப்பா நினைக்காதீங்க. இப்ப எல்லாரும் இந்த அம்மாகிட்டதான் நின்னுடறாங்க."

முள்ளம்பன்றி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அழுதது. பிறகு அந்தப் பக்கத்தையும், அதற்குப் பின்னால் இருந்ததையும் எடுத்தது. தலைப்பும் 'முற்றும்' என்ற சொல்லும் மிஞ்சின. நூறு பேர் எடுத்தார்கள், நூறு பேரும் படித்து முடித்தார்கள். யானை தலைமையில் பாராட்டு விழா நடந்தது. சொற்சிக்கனம் என்றால் என்ன என்பது குறித்து யானை இரண்டு மணி நேரம் பேசியது.

விழா முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது ஒரு நத்தை வந்தது, பலகையை முதுகில் சுமந்துகொண்டு.

"மூணு நாளா நடந்து வர்றேன் அய்யா. பத்து மாசமா தினம் ஒரு பக்கம், சில நாள் ரெண்டு படிச்சேன். அந்த மழை வந்தப்ப நான் ஓட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டேன், அப்படி எழுதியிருந்தீங்க. நாய்ங்க வந்துடுச்சு. அம்மா எந்திரிச்சு வாசலுக்குப் போனாங்க. பக்கத்தைத் தள்ளினேன், 'முற்றும்'னு வருது. பலகை கெட்டுப்போச்சா?"

தேவாங்கு அறிக்கைகளைப் புரட்டியது. "இவங்க பேரே இதுல இல்லை சார். ஒரு பக்கத்துல கால் மணி நேரத்துக்கு மேல நின்னா, தூங்கிட்டாங்கன்னு பலகை விட்டுடும்."

முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் உறைத்தது. அது முதலிலிருந்து வெட்டிக்கொண்டே வர, நத்தை அந்த வெட்டுக்கு ஓரடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கும்.

"அவங்க என்ன பண்ணாங்க, சொல்லுங்க அய்யா" என்றது நத்தை. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. சொல்ல ஏழு வருஷம் இருந்தது. ஆனால் எந்த வாக்கியம் நாக்குக்கு வந்தாலும், இங்கே நிறுத்திவிடுவார்கள், இங்கேயும் நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றியது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தது.

"செத்துட்டாங்க" என்றது.

நத்தை காத்திருந்தது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நத்தை திரும்பி நடந்தது. "பார்த்தீங்களா சார், ஒரே வார்த்தை. கடைசி வரைக்கும் கேட்டாங்க!" என்று தேவாங்கு கை கொடுத்தது.

நத்தை அந்தப் பந்தலைத் தாண்டப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டே நின்றது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம், நேரம் தாராளமாக இருந்தது. கொடுக்கவில்லை.

நீதி: எந்தப் புத்தகத்தையும் சீக்கிரம் படித்து முடித்துவிடுங்கள். தாமதித்தால் எழுத்தாளர் திருந்திவிடுவார்.