முன்வரிசையில் தூக்குவாளிகள்

என் முதல் நகைச்சுவை நிகழ்ச்சியில் முன்வரிசை நிரம்பியிருந்தது என்று இன்றுவரை பெருமையாகச் சொல்லி வருகிறேன். அது பொய் இல்லை. இரண்டாம் வரிசையும் நிரம்பியிருந்தது, மூன்றாம் வரிசையும்தான். ஆனால் அந்த மூன்று வரிசையிலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். எல்லாம் தூக்குவாளிகள், குண்டான்கள், இரண்டு மூன்று சொம்புகள்.

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து சென்னையில் வேலையில் இருக்கிறேன். (யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் பலருக்குத் தெரியும்.) சென்னையில் சனி, ஞாயிறுகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி பார்க்கப் போய்ப் போய், ‘இதென்ன பெரிய விஷயம், ஒரு மைக், ஒரு வாய்’ என்ற எண்ணம் எனக்குள் முளைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. சென்னையில் நடக்கும் ஒரு கோடை விழாவில் புதிய காமெடியன்களுக்கு மேடை தருகிறார்களாம். ஐந்து நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது. எதிரே நிஜமான கூட்டம் இருக்க வேண்டும், அது சிரிப்பதும் கேட்க வேண்டும்.

ஜோக் எழுதி வைத்திருந்தேன். கூட்டத்துக்கு எங்கே போவது? ஹாஸ்டல் அறையில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி எப்போதும் தூங்குவாள்.

அப்போதுதான் சித்திரையில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா வருவது ஞாபகம் வந்தது. யோசித்துப் பார்த்தால் புதிதாக மேடை ஏறுகிறவளுக்குக் கோடைத் திருவிழாவைப் போல ஓர் இடம் கிடைக்காது. அங்கே யாரும் உங்களைப் பார்க்க வருவதில்லை. அம்மனைப் பார்க்க வருகிறார்கள், கூழ் குடிக்க வருகிறார்கள், மருமகளை விட்டுக் கொஞ்ச நேரம் தள்ளியிருக்க வருகிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாதவர்களை ஏமாற்ற முடியாது. கரகம் தெருத் தெருவாகச் சுற்றி வரும்வரை அவர்களுக்கும் வேறு வேலை கிடையாது. வீட்டுக்குப் போனால் கரண்ட் இருக்காது. கையில் விசிறியோடு உட்கார்ந்து, ‘யாராவது ஏதாவது பண்ணுங்களேன்’ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ‘யாராவது’ நானாக இருக்க முடிவு செய்தேன்.

நைனாவிடம் சொன்னேன். (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவர் கல் உடைக்கும் வேலை செய்தவர். எதையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்.

“ஸ்டாண்ட்-அப்புனா இன்னாமா?”

“நின்னுகினே பேசி எல்லாரையும் சிரிக்க வைக்கிறது நைனா.”

“அதுக்கு எதுக்கு மைக்கு? உங்கம்மா உக்காந்துகினே செய்வாளே.”

ஆனாலும் விழாக்குழுத் தலைவர் ஏழுமலையிடம் போய்க் கேட்டார். நைனா தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டவரில்லை. விழாவில் பொங்கல் அடுப்புக்கு விறகு பிளந்து போடுவதுதான் இத்தனை வருஷமாக அவர் வேலை. மேடைப் பக்கம் நின்றதுகூடக் கிடையாது. போனவர் ஐந்தே நிமிடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

“‘உனுக்கு இல்லாததா பச்சையப்பா, கோயிலுக்குச் செய்றவன் நீ’ன்னு சொல்ட்டாரு. கரகம் வர்ற வரைக்கும் மேடை உன்னுதுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் கேட்டு வாங்கினு வந்துருக்கறன். சிரிக்க வச்சிடுவ இல்ல?”

“சிரிக்கலைன்னா கேளுங்க” என்றேன். (கேட்டார். அது பிறகு.)

வீடியோ எடுக்க என் பள்ளித் தோழி நஸ்ரின் வந்தாள். செஞ்சி பஜாரில் அவள் அத்தாவுக்குப் பாத்திரக்கடை. எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளின் பாத்திரங்கள் அந்தக் கடையில் வாங்கி, அங்கேயே பெயர் வெட்டியவை. வீடியோ திருவிழா அன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் அந்தக் காலை ஒன்றுதான் எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு.

பதினோரு மணி. ராஜகிரிக் கோட்டைப் பாறை வாங்கிய வெயிலையெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கமே திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு ஜீன்ஸில் மேடை ஏறினேன். (சென்னையில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். அங்கே ஏசி இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.) ஏறிப் பார்த்தால், எதிரே ஒரு தலை இல்லை.

எங்கள் வழக்கம் இது: காலையில் அவரவர் வீட்டில் காய்ச்சிய கூழைக் கொண்டுவந்து கோயில் கொப்பரையில் ஊற்றுவார்கள். காலிப் பாத்திரத்தை மேடைப் பந்தலுக்கு முன்னால் வரிசையில் வைத்துவிட்டுப் புளியமரத்து நிழலுக்குப் போய்விடுவார்கள். பூஜை முடிந்து கூழ் ஊற்றும்போது பாத்திரம் இருக்கும் இடத்தில் ஆள் வந்து நிற்கும். அதுவரை வெயில் பாத்திரத்துக்கு, நிழல் ஆளுக்கு. இருபத்து மூன்று வருஷமாக நானும் பார்த்துப் பழகிய வழக்கம். மறந்து போயிருந்தது.

மரத்தடிக்குப் போய்ப் பேசலாம் என்றால் மைக் ஒயர் முதல் மூன்று வரிசைப் பாத்திரம் வரைதான் எட்டும்.

ஆரம்பித்தேன். மெட்ரோ ரயிலைப் பற்றி ஒரு ஜோக். தூக்குவாளிகள் பளபளத்தன. ஓட்ஸ் பால் குடிக்கும் ரூம்மேட் பற்றி ஒன்று. ஒரு காக்கா வந்து குண்டான் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது. எங்கள் ஆபீஸ் ஹெச்.ஆர். பற்றிச் சொன்னபோது மரத்தடியிலிருந்து முதல் குரல் வந்தது. கன்னியம்மா சித்தி.

“யாருமா அவுரு? உன்ன இன்னா பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணல சித்தி, ஜோக்கு.”

“பாவம், வெளியூர்ல புள்ள ரொம்ப கஷ்டப்படுது போலருக்குது” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்ததாக நஸ்ரின் பிறகு சொன்னாள்.

ஏழு நிமிடம் ஓடிவிட்டது. எழுதி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அடுப்புப் பக்கம் நைனா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் போன் சூடாகிவிடாமல் ஒரு தட்டை மேலே நிழலாகப் பிடித்தபடி, “எறங்கிடுடி” என்று சைகை காட்டினாள்.

இறங்கினேன். ஆனால் வீட்டுப் பக்கம் இல்லை, மைக்கோடு பாத்திர வரிசைக்குள். ஆள் இல்லாவிட்டால் என்ன, பெயர் இருக்கிறதே! கையில் கிடைத்த ஒரு தூக்குவாளியைத் தூக்கி, அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததைப் படித்தேன்.

“மா. தனலட்சுமி அவர்களே, வருக வருக! நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிறது நீங்க ஒருத்தர்தான்!”

மரத்தடியில் சிரிப்பு. என் வாழ்க்கையின் முதல் சிரிப்பு! அதைக் கேட்டு முடிப்பதற்குள் தனலட்சுமி அத்தை எழுந்து நின்றார்.

“ஏ, நான் குண்டானு இல்ல கொண்டாந்தன்! தூக்கு யாரு வச்சது?”

கன்னியம்மா சித்தி தலையை நிமிர்த்திப் புளியமரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

“அடிப்பாவி, எம் பொண்ணு காதுகுத்துல காணாப்போனதுடி அது! ஊரெல்லாம் தேடனனே, நீயும் கூடவே வந்து தேடனியே!”

மரத்தடி அதிர்ந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிரிப்பு என்பது முதல் வாய் ஐஸ்கிரீம் மாதிரி. தனலட்சுமி அத்தை தன்னுடையது என்று காட்டிய குண்டானை எடுத்தேன். “ஏ. வசந்தா!” அது தலைவர் ஏழுமலையின் மனைவி பெயர்.

“குழம்பு குடுத்தனுப்பிச்ச குண்டானு! திருப்பித் தரல இல்ல?” என்று வசந்தா அக்கா கத்த, அவ்வளவுதான், நிழலில் இருந்த மொத்த ஊரும் வெயிலுக்கு வந்துவிட்டது. “என்னுத படி”, “அவுளுத படி” என்று என்னைச் சுற்றி நெருக்கினார்கள். நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு பாத்திரமும் வேறொரு வீட்டுக்காரருடையதாக இருந்தது. அந்த இடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த பிள்ளை, ஊரே சுற்றி நிற்கிறது, வாசிக்கிறேன்!

அப்போது எங்கள் அம்மாவின் குரல்.

“கௌரி! எல்லாருதயும் படிக்கிறியே, நம்மளுத படி! முன்னால இருக்குது பாரு, பெருசு. உங்க நைனா பேரு போட்டுக்குதா இல்லியா, சொல்லு எல்லாருக்கும்!”

எடுத்தேன். யோசித்துவிட்டுப் படித்திருக்க வேண்டும். நான்தான் யோசிக்காமல் படிக்கும் வேகத்தில் இருந்தேனே. மைக்கில், கணீரென்று படித்தேன்.

“அம்மன் கோயிலுக்கு உபயம்.”

ஊர் மொத்தமும் அம்மா பக்கம் திரும்பியது.

என்னைப் படிக்க வைத்ததற்கு எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

“உபயமா?” என்றார் அம்மா. “நைனா பேரு இல்லியா அது? போன வருசம் கூழு வாங்கனப்ப கூட்டத்துல எட்துனு வந்தன். புள்ளி புள்ளியா இருந்துது, நம்மளுதுன்னு நெனச்சன்!”

ஏழுமலை கோயிலுக்குள் ஓடினார். வெளியே வந்தபோது அவர் கையில் இன்னொரு தூக்குவாளி. அதில் தீர்த்தம் தளும்பியது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். படித்தேன். “வே. பச்சையப்பன்.”

“நீ கோயிலுக்குக் குடுத்ததுன்னு இல்ல பச்சையப்பா நெனச்சம்! ஒரு வருசமா இதுல இல்ல அம்மனுக்கு அபிசேகம் நடக்குது! அதுக்குதான உம் பொண்ணுக்கு மேடயே குடுத்தம்!”

அதுவரை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த ஊர் மொத்தமாக எங்களைப் பார்த்துச் சிரித்தது. வசந்தா அக்கா குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கை முகத்துக்கு நேரே பிடித்து அதன் பின்னால் ஒளியப் பார்த்தேன். நைனா மெதுவாக நடந்து வந்தார். மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவை.

“அது கோயில்லயே இருக்கட்டும்” என்றார். “ரெண்டுமே.”

அன்று அதிகம் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

கரகம் வந்தபோது வரிசை என்ற ஒன்றே இல்லை. யார் பாத்திரம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கூழ் ஊற்ற ஒரு மணி நேரம் தாமதம். அந்த ஒரு மணி நேரமும் ஊர் முழுக்க என்னையே பார்த்தது. இரவு வரை காத்திருக்காமல் நைனா அங்கேயே கேட்டார்: “சிரிக்க வைக்கறன்னு சொன்னியே, இதுதானா?”

வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் படுத்தேன். ஐந்தரை மணிக்கு நஸ்ரின் வந்து போர்வையை இழுத்தாள். “ஏழு நிமிசம் சுடுகாடுடி. அதுக்கப்புறம் வர்ற அஞ்சு நிமிசத்தப் பாரு.” பார்த்தேன். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கூட்டம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அது என் மானத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்பது மட்டும்தான் குறை. சிரிப்பு எதைப் பார்த்து வர வேண்டும் என்று அறிவிப்பில் எங்கும் போடவில்லையே! ஐந்து ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன்.

தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கடிதத்தின் கடைசி வரியில், “அந்த ‘உபயம்’ அம்மாவும் வர முடியுமா?” என்று கேட்டிருந்தார்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “கூழு ஊத்துவாங்களான்னு கேளு” என்றார்.

சென்னை விழாவில் எனக்குக் கிடைத்தது மத்தியானம் மூன்று மணி. மாங்காய் பத்தையும் கையுமாக, நிழல் தேடி ஒதுங்கிய கூட்டம். என்னைப் பார்க்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த மாதிரி கூட்டத்தை எனக்குத் தெரியும். எழுதி வைத்திருந்த ஓட்ஸ் பால் ஜோக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் தூக்குவாளிக் கதையைச் சொன்னேன். ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

கோயிலுக்கு இரண்டையும் கொடுத்துவிட்டதால் வீட்டுக்குப் புதுத் தூக்குவாளி வாங்க நஸ்ரின் கடைக்குப் போனோம். பெயர் வெட்டும் மெஷினை எடுத்துவைத்து, “யார் பேரு போடட்டும்?” என்று அவள் அத்தா கேட்டார். நைனா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“அவ பேரையே போடுங்க பாய். ப. கௌரி, பி.காம். இனிமே எட்துப் படிச்சா அவ மானமே போவட்டும்.”

இன்றும் நான் ஊரில் இருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து குழம்போ பாயசமோ வந்தால், நைனா பாத்திரத்தை முதலில் என் கையில்தான் கொடுக்கிறார். யார் பெயர் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கொடுக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்:

“படிமா. மெதுவா படி. மைக்கு ஆப்புல இருக்குதா பாத்துக்கோ.”